கொச்சிக்காய்ச் செடி நேற்று எவ்வளவு குடித்தது?

வைகாசி பிறந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால், களுதாவளைப் பக்கத்து மணல் தோட்டங்களில் விடியும் முன்பே மோட்டர்ச் சத்தம் கேட்கும். மேற்கே மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இருந்த ஈரத்தையும் இழந்து, மட்டக்களப்பில் அனலாக இறங்கும் காற்று அது. (நிலக்கடலையும் எங்களுக்குக் கச்சான்தான். இக்கட்டுரையில் இரண்டும் வரும், குழம்ப வேண்டாம்.) அந்த நேரத்தில் தோட்டக்காரர் யாரிடமாவது "எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றரை மணித்தியாலம்" என்பார்கள், "மண் கறுக்கும் வரை" என்பார்கள், "எண்ணெய் தீரும் வரை" என்பார்கள். லீற்றரில் பதில் வராது.

நானும் கால் ஏக்கர் கொச்சிக்காய்க்கு (மிளகாய்க்கு) ஒன்றரை மணித்தியாலம் ஓட்டியவன்தான். அது யார் சொன்ன கணக்கு என்று கேட்டால் தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஓடியது, நானும் ஓட்டினேன். இலை வெளிறியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் பத்து நிமிடம் கூட்டினேன். மேலும் வெளிறியது. யூரியா போட்டேன், நாலு நாள் பச்சை பிடித்து மறுபடி வெளிறியது. போட்ட யூரியாவை நானே என் தண்ணீரால் கழுவி, வேருக்குக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன் என்பது அளக்கத் தொடங்கிய பிறகுதான் பிடிபட்டது. வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரை மணலில் கீழே இறங்கியது எங்கே போகும்? கிணற்றுக்குத்தான். குடிக்கவும் அள்ளும் அதே கிணறு.

செடி நேற்றுக் குடித்ததை இன்று திருப்பிக் கொடுத்தால் போதும் என்பதுதான் முழு விசயமும். குடித்ததை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், ஓர் ஆணி, அளவுக் கோப்பை, ஒரு கொப்பி. இவ்வளவும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

முதலில் ஒரு வாய்பாடு

மழையைப் போலவே பயிர் குடிப்பதையும் மில்லிமீற்றரில்தான் சொல்வார்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லீற்றர். ஒரு பேர்ச்சுக்கு ஏறத்தாழ 25 லீற்றர், ஒரு ஏக்கருக்கு 4,047 லீற்றர். இதை மனப்பாடம் செய்துவிடுங்கள், மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

இலைகளின் வழியே போகும் நீரும், வெறும் மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் சேர்ந்ததே பயிரின் நீர்த் தேவை. இரண்டையும் தனித்தனியே பிடித்து அளப்பது கஷ்டம். ஆனால் வெயில், காற்று, வரட்சி மூன்றும் சேர்ந்து திறந்த பாத்திரத்துத் தண்ணீரை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதை அளக்கலாம். பயிரிலிருந்து உறிஞ்சுவதும் அதற்கு ஒத்துத்தான் கூடும், குறையும்.

பீப்பாயும் ஆணியும்

வானிலை நிலையங்களில் இதற்கென்று வட்டமான உலோகத் தட்டு வைத்திருப்பார்கள். "ஏ வகுப்புத் தட்டு" என்று பெயர். குறுக்களவு 120.7 சென்ரிமீற்றர், ஆழம் 25 சென்ரிமீற்றர். நமக்கு 200 லீற்றர் நீலப் பீப்பாயின் அடிப்பகுதி போதும். நேர்ச் சுவராக உள்ள பகுதியில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அறுத்துக்கொள்ளுங்கள். நீலம் வெயிலை இழுக்கும், உள்ளும் புறமும் வெள்ளைப் பெயின்ற் அடிப்பது நல்லது. நான் அறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்து மாமா வேலியால் எட்டிப் பார்த்து, "நல்ல பீப்பாய் மகன், இப்பிடிப் பாழாக்கிப்போட்டியே! மறுகா தண்ணிக்கு என்ன செய்வாய்?" என்றார். தண்ணீருக்காகத்தான் மாமா என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

மரம், சுவர், வேலி நிழல் எதுவும் விழாத இடத்தில், இரண்டு பலகைக் கட்டைகள் மேல் அரை அடி உயர்த்தி வையுங்கள், அடியால் காற்றுப் போக வேண்டும். மட்டம் பாருங்கள். தண்ணீர் விளிம்புக்கு 5 முதல் 7.5 சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும்.

அளவுகோல் வைத்து நீர்மட்டத்தை வாசிக்கலாம்தான், ஆனால் அரை மில்லிமீற்றர் கண்ணுக்குப் பிடிபடாது. ஆணி அதைவிட நம்பகம். ஒரு சட்டத்தின் நடுவில் மூன்றங்குல ஆணியை ஊடுருவ அடித்து, கூர் கீழே தொங்கும்படி பீப்பாய்க்குக் குறுக்கே வையுங்கள். சட்டம் உட்காரும் இடத்தை விளிம்பில் குறித்துவிடுங்கள், தினமும் அதே இடத்தில் இருக்க வேண்டும். காலையில் காற்று எழும்ப முன்னர், ஆறரை மணி என்றால் ஆறரை மணிக்கே, கோப்பையால் அளந்து அளந்து ஊற்றுங்கள். மட்டம் ஏற ஏற ஆணியின் கூரும் தண்ணீருக்குள் தெரியும் அதன் நிழலுருவும் ஒன்றையொன்று நெருங்கி வரும். தொட்ட கணத்தில் தண்ணீர் ஆணியைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு சிறு துள்ளல் துள்ளும். அங்கே நிறுத்துங்கள். ஊற்றிய அளவுதான் நேற்று ஆவியானது.

இனி அதை மில்லிமீற்றராக்க வேண்டும். பீப்பாயின் உள் குறுக்களவை மீற்றரில் எடுத்து, பாதியாக்கி, அதை அதாலேயே பெருக்கி, 3.14 ஆல் பெருக்கினால் பரப்பு வரும். என்னுடையது 57 சென்ரிமீற்றர். 0.285 × 0.285 × 3.14 = 0.255 சதுர மீற்றர். ஆகவே 255 மில்லிலீற்றர் ஊற்றினால் ஒரு மில்லிமீற்றர். ஒரு காலை 2 லீற்றர் பிடித்தது என்றால் 2 ÷ 0.255 = 7.8 மில்லிமீற்றர்.

பீப்பாய்க்கு எதிரிகள் உண்டு. காகம் குளிக்கும், நாயும் ஆடும் குடிக்கும், அதனால் கோழி வலை போடுங்கள். வலை ஆவியாதலைப் பத்து சதவீதம் வரை குறைக்கலாம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். நுளம்பு அதைவிடப் பெரிய பிரச்சினை. ஒவ்வொரு வாரமும் தண்ணீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்புங்கள். டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்கும்போது ஆராய்ச்சி என்று சொல்லித் தப்ப முடியாது. நுளம்புக்கு என்று மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், எண்ணெய்ப் படலம் ஆவியாதலையே தடுத்துவிடும், அளவு பொய்யாகும்.

தட்டிலிருந்து பயிருக்கு

திறந்த தண்ணீர் பயிரைவிடக் கூடவே ஆவியாகும். பெரிய தட்டுக்கு வழக்கமாக 0.7 ஆல் பெருக்குவார்கள். நமது பீப்பாய் சிறியது, அதன் சுவர் சூடேறும், காற்று ஓரத்தைக் கூடுதலாகத் தின்னும். அதனால் 0.7 உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். கச்சான் அடித்து வீசும் நாட்களில், சுற்றிலும் வெறும் தரையாக இருந்தால், அந்தக் குணகம் இன்னும் இறங்கும். தொடக்கத்தில் 0.7 என்றே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மண்வெட்டி திருத்தும், அதற்கு வருகிறேன். 7.8 × 0.7 = 5.5 மில்லிமீற்றர்.

இது பொதுவான அளவு, நிலத்தை மூடி நிற்கும் புல்லுக்கு உரியது. உங்கள் பயிருக்கு அதைப் பயிர்க் குணகத்தால் பெருக்க வேண்டும். ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 1998இல் வெளியிட்ட 56ஆம் இலக்க நீர்ப்பாசன வழிகாட்டியில் இந்தக் குணகங்கள் உள்ளன, உலகம் முழுக்க அதைத்தான் எடுக்கிறார்கள். நம் தோட்டத்துக்கு வேண்டியவை, முறையே நாற்றுப் பருவம், நிலம் மூடிக் காய்க்கும் பருவம், கடைசிப் பருவம்:

கத்தரி – 0.6, 1.05, 0.9. கொச்சிக்காய்க்கும் இதே எண்கள் (குடைமிளகாய்க்குத் தந்ததைத்தான் எடுக்கிறோம்).
கச்சான் – 0.4, 1.15, 0.6.
வெங்காயம் – 0.7, 1.05, 0.75.
சோளம் – 0.3, 1.2, முற்றவிட்டுக் காயவிடுவதானால் 0.35.

எண்களைவிட அவற்றின் ஓட்டத்தைக் கவனியுங்கள். நாற்று நட்ட வாரத்தில் கொச்சிக்காய்க்கு 5.5 × 0.6 = 3.3 மில்லிமீற்றர். காய் பிடித்து நிற்கும்போது 5.5 × 1.05 = 5.8. ஒரே வெயில், ஒரே காற்று, ஆனால் தேவை ஒன்றேமுக்கால் மடங்கு. நாம் என்ன செய்கிறோம்? நாற்றுக்குப் பரிதாபப்பட்டு அள்ளி ஊற்றுகிறோம், காய்க்கும் மரத்தை "அது தாங்கும்" என்று விட்டுவிடுகிறோம். நேர்மாறு.

வெற்றிலைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வேலி அடைத்து, நிழல் கட்டி, காற்றை மறித்து வளர்ப்பது அது, வெளியில் வைத்த பீப்பாய் அதற்காகப் பேசாது.

நிமிடமாக மாற்றுங்கள்

மோட்டரில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது புதிய மோட்டருக்கு, ஆழமில்லாத கிணற்றுக்கு. வயலில் உள்ள குழாயின் நுனியை வெட்டாத பீப்பாய் ஒன்றுக்குள் விட்டு, 200 லீற்றர் நிரம்ப எத்தனை செக்கன் என்று கைத்தொலைபேசியில் பாருங்கள். மூன்று தரம் பார்த்துச் சராசரி எடுங்கள். எனக்கு 40 செக்கன் வந்தது, நிமிடத்துக்கு 300 லீற்றர்.

கால் ஏக்கர் என்பது 1,012 சதுர மீற்றர். 5.8 மில்லிமீற்றர் வேண்டுமென்றால் சுமார் 5,870 லீற்றர். ஆனால் விட்ட தண்ணீரெல்லாம் வேருக்குப் போவதில்லை. வாய்க்காலில், பாத்தியில் பாய்ச்சினால் பத்துக்கு ஆறு, தூவல் என்றால் ஏழரை, சொட்டு நீர் என்றால் ஒன்பது என்று பொதுவாகக் கொள்வார்கள். நான் பாத்திக்காரன்: 5,870 ÷ 0.6 = 9,780 லீற்றர். 300 ஆல் வகுத்தால் 33 நிமிடம்.

முப்பத்து மூன்று! நான் தொண்ணூறு ஓட்டிக்கொண்டிருந்தேன். 27,000 லீற்றர், கிட்டத்தட்ட 27 மில்லிமீற்றர். மாரி மழை ஒன்றை நாள்தோறும் மோட்டரால் பெய்வித்திருக்கிறேன்.

மணல் எவ்வளவு தாங்கும்

சரி, ஐந்து நாளுக்குச் சேர்த்து ஒரேயடியாக விட்டால் என்ன? கேட்க நியாயமான கேள்வி, விடை மண்ணைப் பொறுத்தது.

கரையோர மணல் ஒரு மீற்றர் ஆழத்துக்குப் பயிருக்கு உதவும்படி சுமார் 70 மில்லிமீற்றர்தான் பிடித்து வைக்கும். கொச்சிக்காய் வேர் அரை மீற்றர் என்றால் 35. அதிலும் முப்பது சதவீதம் குறைந்ததுமே கொச்சிக்காய் வாடத் தொடங்கும், ஆகவே கையில் உள்ள இருப்பு பத்து மில்லிமீற்றர் சொச்சம். நாளுக்கு 5.8 போனால் இரண்டு நாள் வராது. அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லீற்றரும் வேரைத் தாண்டிக் கீழே போகிறது, போகும்போது நைத்திரேற்றாக மாறிய யூரியாவையும் கூட்டிக்கொண்டு போகிறது. மணலில் தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் கொஞ்சமாக. வேறு வழி இல்லை.

அதே கொச்சிக்காயை வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் களி கலந்த மேட்டில் வைத்திருந்தால், மீற்றருக்கு 150 மில்லிமீற்றர் அளவில் பிடிக்கும். இருப்பு 22. நாலாம் நாள் பாய்ச்சலாம். அங்கே உள்ளவரின் நேர அட்டவணையை இங்கே கொண்டுவந்தால் செடி சாகும், இங்கே உள்ளதை அங்கே கொண்டுபோனால் வேர் அழுகும்.

கச்சான் பொறுமையான பயிர். பாதி இருப்பு குறையும் வரை தாங்கும். வெங்காயம் கொச்சிக்காயைப் போலவே பொறுக்காது, அதற்கு வேரும் ஆழமில்லை.

கடன் கொப்பி

கடையில் கடன் எழுதும் கொப்பி போலவே ஒன்று வையுங்கள். பயிர் குடித்தது கடன், நீங்கள் விட்டதும் மழையும் வரவு. திங்கள் குடித்தது 5.8, கடன் 5.8. செவ்வாய் 5.5, கடன் 11.3, எல்லை பத்து தாண்டிவிட்டது, அன்றே அடைக்க வேண்டும். களியில் என்றால் 22 வரை கடன் ஏறலாம்.

மழைக்கு நேர்ச் சுவருள்ள ஒரு ரின் போதும், அளவுகோலை உள்ளே விட்டு வாசிக்கலாம். கோடையில் ஒரு மில்லிமீற்றர் அளவில் தூறியதை வரவு வைக்காதீர்கள், அது மண்ணைத் தொட்டதும் போய்விடும். பெரிய மழையையும் முழுதாக வரவு வைக்க முடியாது. கடன் 8 இருக்கும்போது 40 பெய்தால் வரவு 8 மட்டும், மிச்சம் கிணற்றுக்கு. மழை பெய்த மறுநாள் பீப்பாயில் மட்டம் ஆணிக்கு மேலே நிற்கும். ஆணி மட்டம் வரும் வரை அளந்து அள்ளி எடுங்கள். மழை 12, அள்ளியது 7.8 என்றால் ஆவியானது 4.2. வழிந்து ஓடிவிட்டால் அந்த நாளை விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டாம். ஐந்து நாள் சராசரி போதுமானது.

மண்வெட்டி சொல்வதே முடிவு

தண்ணீர் விட்ட மறுநாள் காலை, செடிக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி தோண்டுங்கள். முக்கால் அடியில் ஒரு பிடி, ஒன்றரை அடியில் ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கிப் பாருங்கள். மேல் பிடி உருண்டையாக நின்று, விரலில் ஈரம் ஒட்டி, கீழ்ப் பிடி லேசான குளிர்ச்சியோடு உதிர்ந்தால் கணக்குச் சரி. கீழ்ப் பிடி உங்கள் உள்ளங்கையை நனைத்தால் கூட விடுகிறீர்கள், 0.7ஐ 0.65 ஆக்குங்கள், அடுத்த வாரமும் அப்படியே என்றால் 0.6. முக்கால் அடியிலேயே மண் விரலிடுக்கால் சர்க்கரையாகக் கொட்டினால் கூட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் உங்கள் பீப்பாய்க்கும் உங்கள் மண்ணுக்கும் பொருந்தும் எண் கிடைத்துவிடும். அது என் எண்ணாக இருக்காது.

மதியம் இரண்டு மணிக்கு இலை தொய்ந்திருப்பதைப் பார்த்து மோட்டரைப் போடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. கச்சான் காற்றில் ஈர மண்ணில் நிற்கும் செடியும் மதியம் தொய்யும், வேர் ஏற்றுவதைவிட வேகமாக இலை இழக்கிறது. விடியற்காலையில் பாருங்கள். அப்போதும் தொய்ந்திருந்தால்தான் தாகம்.

வேளாண்மைக்கு

வயலில் தண்ணீர் நிற்பதால் கணக்கு வேறு. நெல் குடிப்பது ஒரு பங்கு, அடியால் கசிவது இன்னொரு பங்கு. கனத்த களியில் கசிவு நாளுக்கு 1 முதல் 5 மில்லிமீற்றர், மணற்பாங்கான வயலில் 20ஐயும் தாண்டும். பிரித்துப் பார்க்க ஒரு வழி: அடி உள்ள அரைப் பீப்பாயை வயலுக்குள் பாதி புதைத்து, அதே சேறு, அதே நெல், அதே உயரத் தண்ணீர் வையுங்கள். அடைத்த பாத்திரத்தில் இறங்குவது நெல்லும் வெயிலும் எடுத்தது. வெளியே அதைவிடக் கூட இறங்கினால் வித்தியாசம் கசிவு. வித்தியாசம் பெரிதாக வந்தால் குளத்தைக் குறை சொல்லும் முன் வரம்பைச் சுற்றி நடந்து நண்டுப் பொந்தைத் தேடுங்கள்.

எந்நேரமும் தண்ணீர் கட்டி வைக்கவும் தேவையில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய குழாய் முறை எளிது. 30 சென்ரிமீற்றர் நீளப் பிவிசி குழாய், கைவிடும் அகலம், கீழ்ப் பாதி முழுக்கச் சிறு துளைகள். 15 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் போகும்படி அடித்து, உள்ளே உள்ள சேற்றைத் தோண்டி எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்ரிமீற்றருக்கு இறங்கியதும் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கட்டுங்கள், மறுபடி இறங்க விடுங்கள். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னிருந்து ஒரு வாரம் பின்வரை மட்டும் வயல் காயக் கூடாது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். உன்னிச்சை, நவகிரி, அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரம் என்று எந்தக் குளத்து வயலானாலும் தண்ணீர் உங்கள் குழாய் கேட்கும் நாளில் வராது, முறை வரும் நாளில்தான் வரும். ஆகவே சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும்போது கொப்பியையும் கொண்டுபோங்கள். "எங்கள் வட்டையில் மட்டம் 15க்கு இறங்க ஆறு நாள் எடுக்கிறது, நாலு நாளுக்கு ஒரு முறை வேண்டாம்" என்று எண்ணோடு சொன்னால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையும் கேட்பார், கடைமடைக்காரரும் உங்களை மறக்க மாட்டார்கள்.

ஐப்பசியில் வாடை திரும்பி முதல் பெருமழை விழுந்ததும் பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு தை வரை தண்ணீர் விடுவதல்ல, வடிய விடுவதுதான் வேலை. ஆணிச் சட்டத்தைக் கூரைக்குள் செருகுங்கள், துருப்பிடித்த கூர் அடுத்த வைகாசியில் தண்ணீரைச் சரியாகத் தொடாது.